ஆரம்ப சுகாதார நிலையத்திலும் ஊரிலும் மனநல ஸ்கிரீனிங்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கிராம சுகாதார செவிலியர்கள், மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தின் பெண் தன்னார்வலர்கள், அங்கன்வாடிப் பணியாளர்கள், பள்ளி ஆசிரியர்கள் ஆகியோருக்கான பயிற்சி வகுப்புகளில் திரும்பத் திரும்ப எழும் கேள்விகள் இவை. சில கேள்விகள் குடும்பத்தினரிடமிருந்து வந்தவை. எனக்குத் தெரிந்த அளவில் நேராகப் பதில் சொல்லியிருக்கிறேன்.

ஸ்கிரீனிங் செய்தால் நோய் இருப்பது உறுதியாகிவிடுமா?

இல்லை. ஸ்கிரீனிங் என்பது சில கேள்விகள் கேட்டு, யாருக்கு மேற்கொண்டு உதவி தேவைப்படலாம் என்று முதற்கட்டமாகப் பார்ப்பது. சுகருக்கு விரல் நுனியில் குத்திப் பார்ப்பது போலத்தான் இதுவும். அளவு கூடுதலாக இருந்தால் அடுத்த பரிசோதனைக்கு அனுப்புவோம். அந்த ஒரு துளி ரத்தத்தை வைத்தே "நீங்கள் சர்க்கரை நோயாளி" என்று முடிவு கட்ட மாட்டோம். மனநலக் கேள்வித்தாளும் "இவரிடம் இன்னும் கொஞ்சம் உட்கார்ந்து பேச வேண்டும்" என்று மட்டுமே சொல்கிறது. நோயை உறுதி செய்வது மருத்துவர் நேரில் பேசிப் பார்த்த பிறகுதான்.

அப்படியானால் எதற்கு இவ்வளவு சிரமம்? கஷ்டம் இருப்பவர்கள் தாங்களாகவே வருவார்களே?

வர மாட்டார்கள். 2015-16இல் 12 மாநிலங்களில் நடந்த தேசிய மனநல ஆய்வில் தமிழ்நாடும் இருந்தது. சிகிச்சை தேவைப்பட்டவர்களில் பத்துக்கு எட்டுப் பேருக்கும் மேல் அது கிடைக்கவில்லை என்பது அதில் தெரிந்தது. அந்த எட்டுப் பேரும் வீட்டிலேயே முடங்கிக் கிடக்கவில்லை. தலைவலி, முதுகுவலி, "நெஞ்சு படபடன்னு அடிக்குது", "கை கால் எரியுது", "சாப்பாடு இறங்கல" என்று நம் ஓ.பி. வரிசையில்தான் நிற்கிறார்கள். சத்து மாத்திரையும் வலி மாத்திரையும் வாங்கிக்கொண்டு போய், அடுத்த மாதம் மறுபடி வருகிறார்கள். அவர்களிடம் யாரும் கேட்கவில்லை. குறை அங்கேதான் இருக்கிறது.

எந்தக் கேள்வித்தாளைப் பயன்படுத்துவது?

மனச்சோர்வுக்கு உலகெங்கும் அதிகம் பயன்படுவது பி.எச்.க்யூ-9. கடந்த இரண்டு வாரத்தைப் பற்றிய ஒன்பது கேள்விகள். ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3 வரை மதிப்பெண், மொத்தம் 27. பத்தோ அதற்கு மேலோ வந்தால் விரிவாகப் பார்க்க வேண்டும். நேரமில்லாத இடத்தில் முதல் இரண்டு கேள்விகளை மட்டும் கேட்கலாம். ஒன்று, வழக்கமாகப் பிடித்த காரியங்களில் நாட்டம் போய்விட்டதா என்பது. மற்றது, மனம் சோர்ந்து நம்பிக்கை இழந்து இருக்கிறதா என்பது. இதற்கு பி.எச்.க்யூ-2 என்று பெயர். ஆறுக்கு மூன்றோ அதற்கு மேலோ வந்தால் மீதி ஏழையும் கேளுங்கள். பதற்றத்துக்கு ஜி.ஏ.டி-7 என்ற கேள்வித்தாள் இருக்கிறது. ஒரே நாளில் எல்லாவற்றையும் கேட்டுத் தீர்க்க நினைக்க வேண்டாம்.

தமிழ் மொழிபெயர்ப்பை அப்படியே வாசித்தால் போதாதா?

கேட்பவர் தாளைப் பார்த்து வாசிக்கிறார், பதில் சொல்பவர் எதற்கெடுத்தாலும் "அதெல்லாம் ஒண்ணுமில்லம்மா" என்கிறார், கூட்டினால் பூஜ்யம். பயிற்சிக்குப் பின் களத்துக்குக் கூடவே போகும்போது நான் அதிகம் பார்ப்பது இதைத்தான். "செயல்களில் ஆர்வமின்மை அல்லது மகிழ்ச்சியின்மை" என்று கேட்டால் யார் ஆமாம் என்பார்கள்? அது அரசுப் படிவத்தின் தமிழ். மனிதர் வாயில் அப்படி வருவதில்லை.

கேள்வியின் பொருளை மாற்றாமல் பேச்சைத் தளர்த்த வேண்டும். முதலில் தாளில் உள்ளபடி மெதுவாக ஒரு முறை கேளுங்கள். முகத்தில் குழப்பம் தெரிந்தால், "இந்த ரெண்டு வாரமா எதுலயும் மனசு ஒட்டாம இருக்காக்கா? முன்னெல்லாம் சாயங்காலம் வாசல்ல உக்காந்து பேசுவீங்களே, இப்போ அதுகூட வேண்டாம்னு இருக்கா?" என்று விளக்கலாம். கவனம் பற்றிய கேள்வியில் செய்தித்தாள் வாசிப்பதும் டிவி பார்ப்பதும் உதாரணமாக வரும். எழுதப் படிக்கத் தெரியாத அம்மாவிடம் செய்தித்தாளை ஏன் இழுக்க வேண்டும்? சீரியலில் கதை மனதில் நிற்கிறதா, அடுப்பில் வைத்ததை மறந்து போகிறார்களா, குழம்புக்கு உப்பு இரண்டு தடவை போட்டுவிடுகிறார்களா என்று கேளுங்கள். களைப்பு பற்றிய கேள்வி இன்னும் கடினம். நூறு நாள் வேலைக்குப் போய்விட்டு வந்து வீட்டு வேலையும் பார்ப்பவரிடம் "களைப்பா இருக்கா?" என்றால் சிரிப்பார். "எப்பவும் உள்ள அசதிதானா, இல்ல இப்போ புதுசா எழுந்திரிக்கவே முடியாம இருக்கா?" என்று பிரித்துக் கேட்டால்தான் பதில் வரும்.

இன்னொன்று, மக்கள் தாங்களாகச் சொல்லும் சொற்களை எழுதி வையுங்கள். "யோசனை அதிகமா இருக்கு", "மனசு பாரமா இருக்கு", "தல கனக்குது", "நரம்புத் தளர்ச்சி". ஜிம்பாப்வேயின் ஷோனா மொழியில் 'குஃபுங்கிசிசா' என்று ஒரு சொல் உண்டு. அளவுக்கு மீறி யோசிப்பது என்று பொருள். அங்கே மனச்சோர்வு பற்றிப் பேச அந்தச் சொல்லையே எடுத்துக்கொண்டார்கள். நம் "யோசனை" அதற்கு ஒன்றுவிட்ட தங்கை. அதை வைத்துப் பேச்சைத் தொடங்கினால் யாருக்கும் கூச்சம் வருவதில்லை.

ஒன்பதாவது கேள்வியை விட்டுவிடலாமா? தற்கொலை பற்றிக் கேட்டால் நாமே எண்ணத்தைத் தூண்டிவிட்டது போல ஆகாதா?

ஆகாது. இந்தப் பயத்தை ஆய்வாளர்களும் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். கேட்பதால் புதிதாக எண்ணம் வருவதில்லை. பலருக்கு பாரம் இறங்கியது போல இருக்கிறது. அதனால் தயவுசெய்து அந்தக் கேள்வியைத் தாண்டிப் போகாதீர்கள். தாண்டிவிட்டு 0 என்று நிரப்புவது அதைவிட மோசம்.

கேட்கும் விதம்தான் முக்கியம். "அப்படியெல்லாம் எண்ணம் இல்லல்ல?" என்று கேட்பவர் இல்லை என்ற பதிலைக் கையில் வைத்துக்கொண்டுதான் கேட்கிறார். "இவ்வளவு கஷ்டத்துல இருக்கிறவங்களுக்குச் சில சமயம் செத்துப் போயிடலாம்னு தோணும். உங்களுக்கு அப்படித் தோணியிருக்கா?" என்று நேராகக் கேளுங்கள். கேட்டபின் வாயை மூடிக்கொண்டு இருங்கள். பத்து விநாடி மௌனம் மிக நீளமாகத் தெரியும். பதில் அந்த மௌனத்துக்குப் பின்னால்தான் வரும்.

"ஆமாம், தோணியிருக்கு" என்று சொல்லிவிட்டால் அந்த நிமிடம் என்ன செய்வது?

முதலில் பதறக் கூடாது. "ஐயோ, பிள்ளைகளை நினைச்சுப் பாருங்க" என்று ஆரம்பித்தால் அவர் வாயை மூடிக்கொள்வார். "இதை என்கிட்ட சொன்னது நல்லது" என்று சொல்லிவிட்டு, மேலும் மூன்று விஷயங்களைக் கேட்க வேண்டும்: எப்படி என்று யோசித்து வைத்திருக்கிறாரா, அதற்கானது கைக்கெட்டும் இடத்தில் இருக்கிறதா, இதற்கு முன் முயன்றிருக்கிறாரா. இவற்றில் ஏதாவது ஒன்றுக்கு ஆமாம் என்றால் அவரைத் தனியே விட்டுவிட்டு வரக் கூடாது. அவர் நம்பும் ஒருவரைப் பக்கத்தில் இருத்துங்கள். அன்றைக்கே மருத்துவ அதிகாரியிடம் காட்டுங்கள். அங்கிருந்தே மத்திய அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416க்குப் பேசுங்கள். இரவானாலும் எடுப்பார்கள், தமிழில் பேசலாம், கட்டணம் இல்லை. தமிழக அரசின் மருத்துவ உதவி எண் 104உம் உண்டு. சென்னையில் டாக்டர் லட்சுமி விஜயகுமார் 1986இல் தொடங்கிய சினேகா தற்கொலைத் தடுப்பு அமைப்பின் எண் 044-24640050.

முன் ஏற்பாடு இல்லாமல் ஒன்பதாவது கேள்வியைக் கேட்கக் கூடாது என்று நான் வற்புறுத்துவது இதனால்தான். யாரிடம் அனுப்புவோம், அவர் எந்தக் கிழமை இருப்பார், வண்டி யார் ஏற்பாடு செய்வது என்பதைத் தாளைக் கையில் எடுப்பதற்கு முன்பே எழுதி ஒட்டிவிடுங்கள்.

தற்கொலைக்கு முயன்றவரை மருத்துவமனைக்குக் கூட்டிப் போனால் போலீஸ் கேஸ் ஆகிவிடும் என்று குடும்பம் பயப்படுகிறதே?

அந்தப் பயத்தால் உயிர்கள் போயிருக்கின்றன, அதனால் இதை ஊரெல்லாம் சொல்ல வேண்டும். மனநலப் பராமரிப்புச் சட்டம், 2017இன் 115ஆம் பிரிவு, முயன்றவர் கடும் மன அழுத்தத்தில் இருந்ததாகவே கொள்ளச் சொல்கிறது. அவரைத் தண்டிக்கக் கூடாது, பராமரிப்பும் சிகிச்சையும் கொடுப்பது அரசின் கடமை என்கிறது. 2024 ஜூலை 1இல் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில், தற்கொலை முயற்சியைக் குற்றமாக்கிய பழைய இந்திய தண்டனைச் சட்டத்தின் 309ஆம் பிரிவு இல்லை. மருத்துவமனை காவல் நிலையத்துக்குத் தகவல் கொடுப்பது நடைமுறையாக இருக்கலாம். அதற்குப் பயந்து ஒரு மணி நேரம்கூடத் தாமதிக்க வேண்டாம்.

மதிப்பெண் பத்தோ அதற்கு மேலோ வந்த எல்லாருக்கும் மாத்திரை ஆரம்பித்துவிடலாமா?

கூடாது. ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஆயிரம் பேரில் 50 பேருக்கு உண்மையில் மனச்சோர்வு என்று வைத்துக்கொள்ளுங்கள். கேள்வித்தாள் நோயுள்ள நூறு பேரில் 88 பேரைப் பிடிக்கிறது, நோயில்லாத நூறு பேரில் 85 பேரைச் சரியாக விட்டுவிடுகிறது என்றும் வைத்துக்கொள்வோம். 50 பேரில் 44 பேர் அகப்படுவார்கள். மீதி 950 பேரிலும் சுமார் 142 பேர் அகப்படுவார்கள். ஆக 186 பேர் "பாசிட்டிவ்". அதில் நான்கில் ஒருவருக்குக்கூட உண்மையான மனச்சோர்வு இல்லை. கேள்வித்தாளைக் குறை சொல்வதற்கில்லை. எந்த ஸ்கிரீனிங்கிலும் இப்படித்தான் நடக்கும்.

எனவே பாசிட்டிவ் வந்தவரிடம் மருத்துவர் உட்கார்ந்து பேச வேண்டும். வீட்டில் சாவு விழுந்து பத்து நாள் ஆகியிருக்கலாம். ஹீமோகுளோபின் பாருங்கள், தமிழ்நாட்டில் பாதிக்கும் மேற்பட்ட பெண்களுக்கு ரத்தசோகை இருக்கிறது, அசதியும் சோர்வும் அதிலும் வரும். தைராய்டு பாருங்கள். குடிப்பழக்கம் கேளுங்கள். அப்புறம், மருந்து எழுதுமுன் கட்டாயம் கேட்க வேண்டிய ஒன்று: "எப்பவாவது நாலஞ்சு நாள் தூக்கமே இல்லாம, ஆனா ஓவர் உற்சாகமா, நிறைய பேசிக்கிட்டு, காசை வாரி இறைச்சிருக்கீங்களா?" அப்படி இருந்திருந்தால் அது, மிதமிஞ்சிய உற்சாகமும் சோர்வும் மாறி மாறி வரும் இருதுருவக் கோளாறாக இருக்கலாம். மனச்சோர்வு மாத்திரையைத் தனியாகக் கொடுத்தால் நிலைமை மோசமாகலாம். மனநல மருத்துவரிடம் அனுப்புங்கள்.

கர்ப்பிணிகளுக்கும் பிரசவமான தாய்மார்களுக்கும் இதே தாளா?

அவர்களுக்கு, பிரசவகால மனச்சோர்வைப் பார்க்கும் எடின்பரோ அளவுகோல் பொருத்தம். 1987இல் வந்தது, பத்துக் கேள்விகள், மொத்தம் 30. தூக்கம், பசி, களைப்பு பற்றி நேரடியாகக் கேட்காதபடிதான் அதை வடிவமைத்தார்கள். கைக்குழந்தை உள்ள வீட்டில் யாருக்குத் தூக்கம் இருக்கிறது? தூக்கம் கெட்டதா என்ற கேள்விகூட, சந்தோஷமில்லாததால் தூக்கம் கெட்டதா என்றுதான் இருக்கும். 13ஓ அதற்கு மேலோ வந்தாலும், பத்தாவது கேள்வியில் தன்னைத் துன்புறுத்திக்கொள்ளும் எண்ணம் பற்றி எந்த அளவில் ஆமாம் வந்தாலும், மேற்கொண்டு பார்க்க வேண்டும்.

நம்மிடம் ஒரு பெரிய வசதி இருக்கிறது. கர்ப்பிணியின் பெயர் நம் பதிவேட்டில் இருக்கிறது, மாதா மாதம் வருகிறார், தடுப்பூசிக்குக் குழந்தையோடு வருகிறார். இத்தனை தடவை பார்க்கும் வாய்ப்பு வேறு எந்தத் திட்டத்தில் உண்டு? ரத்த அழுத்தம் பார்க்கும் அதே நாற்காலியில் இதையும் கேட்கலாம். ஆனால் கூட வந்த மாமியாரை முதலில் மருந்து வாங்க அனுப்பிவிடுங்கள். பெண் குழந்தை பிறந்ததற்காக வீட்டில் யாராவது முகம் சுளித்தார்களா என்பதையும், கணவர் அடிக்கிறாரா என்பதையும் தாளில் இல்லாவிட்டாலும் கேளுங்கள்.

பிரசவமான ஓரிரு வாரத்தில் திடீரென்று தூக்கமே இல்லாமல், சம்பந்தமில்லாமல் பேசி, குழந்தையைப் பற்றி விபரீதமாக ஏதாவது சொன்னால் அதற்குக் கேள்வித்தாள் தேவையில்லை. அவசர நோய் அது. "காத்து கருப்பு அடிச்சிருக்கு" என்று வீட்டில் வைத்துக்கொள்ளாமல் அன்றைக்கே மருத்துவமனைக்கு அனுப்ப வேண்டும். சரியாகப் பார்த்தால் குணமாகிவிடுவார்கள்.

ஆண்கள் பிடி கொடுப்பதே இல்லையே?

அழுகை ஆண்களிடம் கோபமாகவும் குடியாகவும் வருகிறது. "மனசு சரியில்லையா?" என்பதைவிட "தூக்கம் எப்படிண்ணே? சரக்கு முன்னவிட அதிகமாயிடுச்சா? கடன் தொல்லை ஏதும் இருக்கா?" என்று கேட்டால் பேச்சு வளரும். சுகர், பிரஷர் மாத்திரை வாங்க வருபவரின் அட்டையைப் பாருங்கள். மாத்திரை அப்படியே இருந்தால் மறதி என்று விட்டுவிட வேண்டாம். "எதுக்கு இதெல்லாம் சாப்பிட்டு" என்ற விரக்தியும் ஒரு காரணம்.

ஒற்றை அறை வீடு, சுற்றிலும் ஆட்கள். எங்கே வைத்துக் கேட்பது?

கேட்க முடியாத இடத்தில் கேட்க வேண்டாம். அன்றைக்கு பிரஷர் மட்டும் பார்த்துவிட்டு, "நாளைக்கு சென்டர் பக்கம் வாங்க" என்று சொல்லி வாருங்கள். தண்ணீர் பிடிக்கும் இடம், துணி துவைக்கும் கல், வயல் வரப்பு என்று நம் பெண் தன்னார்வலர்கள் எத்தனையோ இடம் கண்டுபிடித்திருக்கிறார்கள்.

ரகசியம் காப்பது சட்டப்படியும் கடமை. அதைவிட, அதே தெருவில் வாழும் உங்களுக்கு அதுதான் மூலதனம். ஒருவர் சொன்னது இன்னொருவர் காதுக்குப் போய்விட்டால் அந்தத் தெருவில் அடுத்து யாரும் உண்மை சொல்ல மாட்டார்கள். உயிருக்கு ஆபத்து என்றால் மட்டும் தேவையானவரிடம் சொல்வோம் என்பதை ஆரம்பத்திலேயே சொல்லிவிடுங்கள்.

மனநல மருத்துவரே இல்லாத ஊரில் ஸ்கிரீனிங் செய்து என்ன பயன்?

நியாயமான கேள்வி. அனுப்ப இடமில்லாமல் ஊர் முழுக்கக் கேள்வித்தாள் நிரப்புவது எனக்கும் உடன்பாடில்லை. ஆனால் மனநல மருத்துவர் இல்லை என்றால் உதவியே இல்லை என்பது உண்மையல்ல.

ஜிம்பாப்வேயின் ஹராரே நகரில் மனநல மருத்துவர் டிக்ஸன் சிபாண்டா 2006இல் தொடங்கிய 'நட்பு பெஞ்ச்' ஒரு நல்ல உதாரணம். சுகாதார நிலையத்துக்கு வெளியே மர பெஞ்ச். பயிற்சி பெற்ற பாட்டிமார்கள் அதில் உட்கார்ந்து, வந்தவரின் பிரச்சினைகளைக் கேட்டு, அவற்றில் ஒன்றைத் தேர்ந்தெடுத்து, அடுத்து என்ன செய்யலாம் என்று அவரோடு சேர்ந்தே யோசிப்பார்கள். 573 பேரை வைத்து நடந்த சோதனையின் முடிவு 2016இல் வந்தது. ஆறு மாதத்துக்குப் பின், வழக்கமான கவனிப்பு பெற்றவர்களில் பாதிப் பேருக்கு மனச்சோர்வு அறிகுறிகள் இருந்தன. பெஞ்சில் உட்கார்ந்தவர்களில் சுமார் 14 சதவீதத்தினருக்குத்தான் இருந்தன. கோவாவிலும் மனநல மருத்துவர் விக்ரம் படேலின் குழுவினர், மருத்துவப் பட்டம் இல்லாத உள்ளூர் ஆலோசகர்களை அரசு சுகாதார நிலையங்களில் வைத்து நல்ல பலன் கண்டு 2010இல் வெளியிட்டார்கள். நம் ஊரில் மகளிர் சுயஉதவிக் குழுவில் பத்து வருடம் கடன் பஞ்சாயத்து பார்த்த பெண்ணுக்கு, பிரச்சினையைப் பிரித்துப் பார்ப்பதை யாரும் புதிதாகச் சொல்லித்தர வேண்டியதில்லை. கேட்டுக்கொண்டிருக்கப் பழக்கினால் போதும்.

கூடவே, மாவட்ட மனநலத் திட்டத்தின் மருத்துவர் தாலுகா மருத்துவமனைக்கு எந்த நாளில் வருகிறார் என்பதை விசாரித்து வையுங்கள். மருந்து அங்கே இலவசம்.

மாத்திரை ஆரம்பித்தால் வாழ்நாள் முழுக்கப் போட வேண்டுமா? பழக்கமாகிவிடுமா?

மனச்சோர்வு மாத்திரை போதை தருவதில்லை. தூக்க மாத்திரையும் இதுவும் வேறு வேறு. வேலை செய்ய இரண்டு முதல் நான்கு வாரம் ஆகும், அதற்குள் "பிரயோஜனமில்லை" என்று நிறுத்திவிடுபவர்கள் அதிகம். சரியான பிறகும் முதல் தடவை வந்தவருக்குப் பொதுவாக ஆறு மாதத்துக்குக் குறையாமல் தொடரச் சொல்வார்கள். நிறுத்தும்போது மருத்துவர் சொல்படி குறைத்துக் குறைத்து நிறுத்த வேண்டும்.

கோயிலுக்கும் தர்காவுக்கும் போவதைத் தடுக்க வேண்டுமா?

வேண்டாம். 2001 ஆகஸ்ட் 6 அன்று, தர்காவுக்குப் பெயர்பெற்ற ஏர்வாடியில், தனியார் காப்பகம் ஒன்றில் சங்கிலியால் கட்டப்பட்டிருந்த 28 பேர் தீயில் இறந்தார்கள். சங்கிலி போடுவதை எந்த இடத்திலும் ஒரு கணமும் ஏற்க முடியாது. இன்றைய சட்டமும் அதைத் தடை செய்கிறது. நம்பிக்கை வேறு விஷயம். பின்னாளில் அதே ஏர்வாடியில் பிரார்த்தனையும் மருந்தும் ஒன்றாகக் கிடைக்கும்படி அரசு மனநல மருத்துவ வசதி கொண்டுவந்தது. தாயத்து கட்டிக்கொண்டே மாத்திரையும் சாப்பிடலாம். பூசாரியையும் ஹஜ்ரத்தையும் பகைத்துக்கொள்ளாமல், "உங்ககிட்ட வர்றவங்கள எங்ககிட்டயும் அனுப்புங்க" என்று கேளுங்கள். அனுப்புகிறார்கள்.

விழிப்புணர்வு என்றால் பேரணி, பதாகை, அக்டோபர் 10?

உலக மனநல நாளைக் கொண்டாடுங்கள், தவறில்லை. ஆனால் சிகிச்சை எடுத்துத் தேறிய ஒருவர், தானே விரும்பி, சுயஉதவிக் குழுக் கூட்டத்தில் பத்து நிமிடம் பேசினால் அதற்கு ஈடாக எந்தப் பதாகையும் நிற்காது. "கிறுக்கு", "லூசு", "கீழ்ப்பாக்கம் கேஸ்" போன்ற சொற்களை முதலில் நம் மருத்துவமனைக்குள்ளேயே நிறுத்த வேண்டும். செவிலியர் அறையில் புழங்கும் பேச்சு வரிசையில் நிற்பவருக்கும் கேட்கும்.

பள்ளிகளில், பொதுத் தேர்வு முடிவு வரும் நாளுக்கு முன்பே பெற்றோரைக் கூப்பிட்டுப் பேசுங்கள். துணைத் தேர்வு உண்டு, இந்த வருடமே எழுதலாம் என்பது பல வீடுகளுக்குத் தெரியாது.

விவசாய ஊர். பூச்சிமருந்துதான் பயமாக இருக்கிறது. ஸ்கிரீனிங் அதற்கு உதவுமா?

ஓரளவுக்கு. அந்த வேகத்தில் பூச்சிமருந்து கைக்கு எட்டாமல் செய்வது அதைவிட உதவும். தற்கொலை எண்ணம் பலருக்கு அலை போல எழுந்து தணிந்துவிடுகிறது. அந்த நேரத்தில் கையில் எதுவும் இல்லாவிட்டால் பிழைத்துக்கொள்கிறார்கள். இலங்கை 1990களிலிருந்து கொடிய பூச்சிமருந்துகளை ஒவ்வொன்றாகத் தடை செய்தது. 1995இல் உச்சத்தில் இருந்த தற்கொலை விகிதம் இருபது ஆண்டுகளில் பாதிக்கும் கீழே இறங்கியது. கடலூர் மாவட்டம் காட்டுமன்னார்கோயில் பகுதியில் சினேகா அமைப்பினர், விவசாயிகள் ஆளுக்கொரு பூட்டுப் பெட்டியில் மருந்தை வைக்கும் பொதுக் கிடங்கை முயன்று பார்த்தார்கள். உங்கள் ஊராட்சியில் கேட்டுப் பாருங்கள். அது வரும் வரை, வீட்டுக்குள் பரண்மேல் மருந்து வைக்க வேண்டாம் என்று ஒவ்வொரு வீட்டிலும் சொல்லுங்கள்.

இலக்கு எண்ணிக்கையை முடிக்கவே நேரம் சரியாக இருக்கிறதே?

மேலதிகாரிகளிடம் நான் எப்போதும் கேட்பது, பதிவேட்டில் இரண்டு பத்திகளைச் சேர்க்கச் சொல்லித்தான்: அனுப்பப்பட்டவர் போய்ச் சேர்ந்தாரா, மூன்று மாதம் கழித்து எப்படி இருக்கிறார். எத்தனை பேரிடம் கேட்டோம் என்ற பத்தி மட்டும் இருந்தால் எல்லாருக்கும் 0 போட்ட தாள்கள்தான் குவியும். ஒரு நாளைக்கு நான்கு பேரிடம் உண்மையாகக் கேட்ட தன்னார்வலரை, நாற்பது தாள் நிரப்பியவரைவிடக் குறைவாக மதிப்பிடாதீர்கள்.

கேட்டுக் கேட்டு எங்களுக்கே ராத்திரி தூக்கம் வருவதில்லை. என்ன செய்வது?

இதை மெல்லிய குரலில்தான் கேட்கிறார்கள், வகுப்பு முடிந்து எல்லாரும் போன பிறகு. உரக்கவே கேட்கலாம். மாதம் ஒரு முறை, ஐந்தாறு பேர், ஒரு செவிலியரோ ஆலோசகரோ கூட இருக்க, பெயர் சொல்லாமல் அந்த மாதம் கனத்ததைப் பேசித் தீர்க்க ஒரு மணி நேரம் ஒதுக்கக் கேளுங்கள். அதுவும் வேலை நேரத்தில், ஊதியத்தோடு. அப்புறம், அந்த ஒன்பது கேள்விகளுக்கும் உங்கள் பதிலையும் ஒரு நாள் எழுதிப் பாருங்கள். பத்தோ அதற்கு மேலோ வந்தால் நீங்களும் 14416ஐ அழைக்கலாம்.